நட்சத்திரக் குறியை முதலில் எடுங்கள், தம்பி

கேள்வி: வணக்கம் அக்கா. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இங்குள்ள செம்பனைச் சிறுதோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு வலைச்செயலி எழுதிக் கொடுத்திருக்கிறேன். லோரி எடை மேடையில் ஏறும்போது டன் கணக்கு அதில் பதிவாகும். குலை வெட்டுகிறவர்களின் சம்பளக் கணக்கும் அதிலேதான். எல்லாம் ஜாவாவில், ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பில் எழுதியது. சம்பளம் போடுவதற்கு முந்தின நாள்களில் செயலி தொங்கிப்போகிறது, ஏனென்று தெரியவில்லை. ஒரு காணொளியைப் பார்த்து, ஓடும் செயலியின் உள்நிலையைக் காட்டும் ஆக்சுவேட்டர் என்ற பகுதியைச் சேர்த்தேன். முதலில், செயலி நலமா என்று சொல்லும் ஹெல்த் மட்டும் வந்தது, மற்றதெல்லாம் 404, அதாவது பக்கம் இல்லை. அப்புறம், எவற்றைக் காட்டுவது என்று எழுதும் இன்குளூட் என்ற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டேன், எல்லாம் வந்துவிட்டது. கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. ஈப்போவில் வேலை செய்யும் நண்பன் பார்த்துவிட்டு, இதை வெளியில் திறந்து வைக்காதே என்கிறான். பாஸ்வேர்ட் எல்லாம் நட்சத்திரமாகத்தானே தெரிகிறது? பாதையின் பெயரை மாற்றி வைத்தால் போதாதா? சங்கச் செயலாளர் வேறு, 'ஓடுதா இல்லையான்னு எனக்கும் தெரியணும்' என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, மீதியைப் படிப்பதற்கு முன் ஒரு வேலை. அந்த நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு, அங்கே ஹெல்த் என்று மட்டும் எழுதி, செயலியை மறுபடி ஓடவிட்டு வாருங்கள். சங்கத்தில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. எடை பதிவதும் சம்பளக் கணக்கும் அதுபாட்டுக்கு நடக்கும். உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஏன் என்றுதான் அவர் சொல்லவில்லை போலிருக்கிறது.

பாஸ்வேர்ட் நட்சத்திரமாகத் தெரிவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது செயலியின் அமைப்புகளைக் காட்டும் என்வ் என்ற எண்ட்பாயிண்ட்டாக (ஆக்சுவேட்டரின் ஒவ்வொரு பாதைக்கும் அப்படித்தான் பெயர்) இருக்கும். ஸ்பிரிங் பூட் 3 வந்த பிறகு அங்கே எல்லா மதிப்புகளையும் மறைத்தே காட்டுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகள், பெயர் பாஸ்வேர்ட், சீக்ரெட், கீ, டோக்கன் மாதிரி ஒரு சொல்லில் முடிந்தால் மறைக்கும். நீங்களாக வேறு பெயர் வைத்திருந்தால் பச்சையாகத் தெரியும். சரி, உங்களுக்கு மறைந்திருக்கிறது. ஆனால் அதே பட்டியலில் ஹீப்டம்ப் என்று ஒன்று இருந்திருக்கும். அதைத் தட்டிப் பார்த்தீர்களா? தட்டினால் பெரிய கோப்பு ஒன்று இறங்கும். அந்த நேரத்தில் செயலியின் நினைவகத்தில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் அதில் இருக்கும். டேட்டாபேஸோடு பேச செயலிக்கு உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும் இல்லையா? அதனால் நினைவகத்தில் அது நட்சத்திரமாக இருக்காது. எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும்.

நம்பிக்கை வராவிட்டால் உங்கள் மடிக்கணினியில் செய்து பாருங்கள். சர்வரில் வேண்டாம். செயலியை ஓடவிட்டு, பொய்யான தொழிலாளர் பெயர் நாலைந்து சேர்த்து, சம்பளப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீப்டம்ப்பை இறக்குங்கள். விஷுவல்விஎம் என்ற இலவசக் கருவியில் அதைத் திறந்து, டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தேடுங்கள். பிறகு நீங்கள் சேர்த்த பெயர்களில் ஒன்றைத் தேடுங்கள். பாஸ்வேர்ட் கிடைக்கும், பெயரும் கிடைக்கலாம். சங்கத்தின் செயலியில் அந்த இடத்தில் இருப்பவை ஐசி (அடையாள அட்டை) எண், இபிஎஃப் (சேமநிதி) எண், வங்கிக் கணக்கு எண், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ் எண். தோட்டக் கிராணி (எழுத்தர்) தன் செக்ரோல் (ஆள்கணக்கு) புத்தகத்தை, காலையில் ஆள் எண்ணும் பெரட்டு நடக்கும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் போனது போலத்தான். இங்கே எடுத்துப் போனவன் யார் என்றுகூடத் தெரியாது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பின் மாநாட்டில் ஒரு சங்கதி வெளியானது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட் வைத்திருந்த, சுமார் 800,000 மின்கார்களின் தரவு வெளியாள் எட்டக்கூடிய இடத்தில் கிடந்தது. அந்தக் கார்களில் பலவற்றின் இருப்பிடக் குறிப்புகளும் அதில் அடக்கம். உள்ளே போவதற்குக் கிடைத்த வழி நீங்கள் திறந்து வைத்திருந்த அதே ஹீப்டம்ப்தான். அதற்குள் மேகச் சேமிப்பகத்தின் சாவி கிடந்தது.

உங்கள் பதிப்பு எது என்று எழுதவில்லை. 3.5 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், நட்சத்திரம் போட்டிருந்தாலும் ஹீப்டம்ப் தானாகத் திறந்திருக்காது. அந்தப் பதிப்பிலிருந்து அதை மூடியே கொடுக்கிறார்கள். பழையது என்றால் திறந்துதான் இருந்திருக்கிறது. பதிப்பு எதுவானாலும், செயலி எவ்வளவு பதிவு எழுத வேண்டும் என்பதைக் காட்டும் லாக்கர்ஸ் போன்றவை பார்ப்பதோடு நிற்பதில்லை, வெளியிலிருந்து மாற்றவும் விடும். எவனாவது பதிவின் அளவை, எல்லாவற்றையும் எழுதும் ட்ரேஸ் நிலை வரை ஏற்றிவிட்டுப் போனால், கொஞ்ச நேரத்தில் சர்வரின் வட்டு நிரம்பத் தொடங்கும். கோரிக்கைகளைப் பல செயலிகளுக்குப் பிரித்தனுப்பும் ஸ்பிரிங் கிளவுட் கேட்வே பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் மோசம். ஆக்சுவேட்டர் வழியாக வெளியாள் சர்வரில் தன் கட்டளையையே ஓடவிடக்கூடிய ஓட்டை ஒன்று 2022-இல் அதில் வெளிவந்தது. நீங்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன், அதனால் இத்தோடு விடுகிறேன்.

பாதையின் பெயரை மாற்றினால் போதுமா என்றால், போதாது. ஆக்சுவேட்டர் என்ற பெயரை நாள் முழுக்கத் தேடித் திரியும் நிரல்கள் இணையத்தில் ஏராளம். பெயரை மாற்றினால் அந்தக் கூட்டத்தில் சோம்பேறிகள் குறைவார்கள், பதிவேட்டில் குப்பையும் குறையும். கதவு மட்டும் திறந்தேதான் இருக்கும். போதாக்குறைக்கு ஆக்சுவேட்டரின் முதல் பக்கமே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று இணைப்போடு பட்டியல் போட்டுக் கொடுக்கும். புதுப் பெயர் ஒரு தடவை எங்காவது கசிந்தால் போதும்.

அடுத்தது சங்கடமான வேலை. இவ்வளவு நாள் திறந்து கிடந்தபோது யாராவது வந்து போனார்களா என்று பார்க்க வேண்டும். செயலிக்கு முன்னால் இன்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் வைத்திருந்தால் அதன் அணுகல் பதிவேட்டில் ஆக்சுவேட்டர் என்று தேடுங்கள். 404 என்று திரும்பிய வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனவை. ஹீப்டம்ப் என்ற வரியில் 200 (கேட்டது கிடைத்தது) என்றும், பக்கத்தில் கோடிக்கணக்கான பைட் அளவும் இருந்தால், அது கோப்பை எடுத்துப் போனவரின் தடம். அந்த ஐபி எண் உங்களுடையதாக இல்லாவிட்டால் தூக்கம் போனதுதான். பதிவேட்டில் எதுவும் கிடைக்காவிட்டாலும், பழைய பதிவுகள் அழிந்திருக்கலாம் என்பதால், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், மின்னஞ்சல் சர்வரின் பாஸ்வேர்ட், லாகின் டோக்கனுக்குக் கையெழுத்திடும் ரகசியச் சாவி, வெளிச் சேவைகளின் சாவிகள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரு மாலை நேர வேலை. கையெழுத்துச் சாவியை மாற்றினால் எல்லாரும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும். செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் எடை மேடையில் லோரி வரிசை நிற்கும், உங்கள் கைப்பேசியும் ஓயாது.

கோப்பை யாரோ எடுத்துப் போனது தெரிந்துவிட்டால், அதை நீங்களே மூடி மறைக்கப் பார்க்காதீர்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னால் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கணிசமான தீங்கு விளையக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தெரிவிக்க வேண்டிய பொறுப்பு தரவை வைத்திருக்கும் சங்கத்துடையது, உங்களுடையது சங்கத்துக்குத் தாமதமில்லாமல் சொல்வது. சின்னச் சங்கம்தானே என்று இருந்துவிடாதீர்கள், பொருந்தும் என்றே எடுத்துக்கொண்டு நடங்கள். செயலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

இனி, எதைத் திறப்பது, யாருக்குத் திறப்பது.

முதலில் 404 வந்ததே, அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆக்சுவேட்டரில் ஓர் எண்ட்பாயிண்ட் உள்ளே இயங்குவது ஒரு முடிவு, அதை வலை வழியாக வெளியே காட்டுவது இன்னொரு முடிவு. செயலியை நிறுத்தும் ஷட்டவுனும், புதிய பதிப்பில் ஹீப்டம்ப்பும் தவிர மற்றவை உள்ளே இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. வலை வழியாக வெளியே தெரிவது ஹெல்த் மட்டும். காணொளியில் சொன்ன நட்சத்திரம், இரண்டாவது முடிவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எழுத்தில் எடுத்துவிடுகிறது. கற்றுக்கொடுக்கிறவருக்கு அது வசதி, ஏனென்றால் அவருடைய செயலி அவர் மேசையில் மட்டும்தான் ஓடுகிறது.

உங்களுக்கு என் யோசனை: ஹெல்த், மெட்ரிக்ஸ் (அளவீடுகள்), லாக்கர்ஸ், த்ரெட்டம்ப் (செயலியின் ஒவ்வொரு த்ரெட்டும், அதாவது வேலை இழையும், அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) இந்த நாலை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். பின்னால், அளவீடுகளைச் சேர்த்து வைக்கும் பிரோமிதியஸ் வைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். 3.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் அனுமதி இல்லை, படிக்க மட்டும், முழு அனுமதி என்று மூன்று நிலை வைக்கலாம். லாக்கர்ஸைத் தவிர மற்றவற்றைப் படிக்க மட்டும் என்று வையுங்கள். பீன்ஸ், மேப்பிங்ஸ், கான்ஃபிக்ப்ராப்ஸ் எல்லாம் செயலியை எழுதும்போது மடிக்கணினியில் பார்க்க நன்றாக இருக்கும், சர்வரில் நீங்கள் ஒருநாளும் திறந்து பார்க்கப் போவதில்லை. பார்க்காததை எதற்குக் காட்டுவானேன்?

இந்த நாலும்கூட இணையத்தில் தெரிய வேண்டாம். ஆக்சுவேட்டருக்கென்று தனி போர்ட் கொடுக்கலாம். மேனேஜ்மென்ட் சர்வர் போர்ட் என்ற அமைப்பில் 8081 என்றும், அதற்கான முகவரியில், அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்றும் போட்டுவிட்டால், சர்வருக்குள் இருப்பவர்தான் எட்ட முடியும். நீங்கள் பார்க்க வேண்டும் என்றால் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் (சர்வருக்கு நீங்கள் மட்டும் போடும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக அந்த 8081-ஐ உங்கள் கணினிக்கு இழுத்துக்கொண்டு, வழக்கம்போல உலாவியில் திறக்கலாம். கட்டளை ஒரே வரி. எழுதி ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

இதில் ஆட்கள் வழக்கமாக வழுக்கும் இடங்கள் சில உண்டு. செயலியைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடவிடும் டாக்கர் பயன்படுத்தினால், கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது கன்டெய்னரையே குறிக்கும், வெளியிலிருக்கும் உங்கள் சர்வருக்கு அது எட்டாது. அங்கே அந்த முகவரியைச் செயலியில் போடாமல், போர்ட்டை வெளியிடும் இடத்தில் 127.0.0.1:8081:8081 என்று எழுத வேண்டும். முன்னால் உள்ள எண்ணை விட்டுவிட்டு 8081:8081 என்று மட்டும் எழுதினால் உலகத்துக்கே திறந்துவிடும். லினக்ஸ் சர்வரின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அந்த போர்ட்டை மூடியிருந்தாலும் பயனில்லை, டாக்கர் அதைத் தாண்டித் தன் விதிகளை எழுதிக்கொள்ளும். இதை அறியாமல் ஃபயர்வாலை நம்பி இருக்கிறவர்கள் நிறைய.

இன்னொன்று, தனி போர்ட் வைக்காமல் செயலிக்குள்ளேயே 'லோக்கல்ஹோஸ்டிலிருந்து (அதே கணினியிலிருந்து) வந்தால் மட்டும் விடு' என்று எழுதுவது. முன்னால் இன்ஜின்எக்ஸ் நின்றால், உலகத்தில் எங்கிருந்து வரும் கோரிக்கையும் செயலியின் கண்ணுக்கு லோக்கல்ஹோஸ்டிலிருந்து வருவதாகத்தான் தெரியும். எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டுக் காவல் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம்.

லாகினையும் அனுமதிகளையும் கவனிக்கும் ஸ்பிரிங் செக்யூரிட்டி சேர்த்திருக்கிறீர்களா? உங்களுடைய விதிகள் எதுவும் எழுதாதவரை, ஹெல்த் தவிர மற்ற எண்ட்பாயிண்ட்களுக்கு அதுவாகவே லாகின் கேட்கும். நீங்கள் சொந்தமாக ஒரு விதித்தொகுப்பு எழுதிய உடனே அந்தப் பாதுகாப்பு விலகிக்கொள்ளும், இனி உங்கள் பாடு. பெரும்பாலும் அந்த விதிகளின் கடைசியில் 'மற்ற எல்லாவற்றையும் அனுமதி' என்று ஒரு வரி இருக்கும், ஆக்சுவேட்டர் அதன் வழியாக வெளியே போய்விடும். ஆக்சுவேட்டருக்கென்று தனித் தொகுப்பு ஒன்று எழுதி, அது முதலில் பார்க்கப்படுமாறு வரிசையில் முன்னால் வையுங்கள். தனி போர்ட் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். என்றாவது யாராவது அந்த போர்ட் வரியை நீக்கிவிட்டால் இது காக்கும்.

இப்போது நீங்கள் கடிதம் எழுதக் காரணமான தொங்கலுக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் ஆர்வம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சம்பளத்துக்கு முந்தின நாள்களில் மட்டும் என்று நீங்கள் எழுதியதே பாதித் துப்பு. வேலைச் சட்டம் 1955-இன்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒன்றாம் தேதியிலிருந்து ஆறாம் தேதி வரை சங்கத்தில் எல்லாரும் ஒரே வேலையாக அறிக்கை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஸ்பிரிங் பூட்டில் டேட்டாபேஸ் இணைப்புகளைக் கையாள்வது ஹிகாரி. நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் மொத்தம் பத்து இணைப்புகள்தான். பத்தும் கையில் இருக்கும்போது பதினோராவது ஆள் வந்தால், 30 விநாடி காத்திருந்துவிட்டுப் பிழையோடு திரும்புவார். எடை மேடையில் நிற்கும் கிராணிக்கு அது 'தொங்கிப்போச்சு' என்றுதான் தெரியும்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி வாக்கில் சுரங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மெட்ரிக்ஸில் ஹிகாரியின் ஆக்டிவ் (பயன்பாட்டில் இருப்பவை), பெண்டிங் (காத்து நிற்பவை) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். ஆக்டிவ் பத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, பெண்டிங் ஏறிக்கொண்டே போனால் ஆள் அகப்பட்டான். உடனே த்ரெட்டம்ப்பை எடுங்கள். இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் இன்னொன்றும் எடுங்கள். அதில் நிறைய த்ரெட்கள் இணைப்புக்காகக் காத்து நிற்கும், அவை பாதிக்கப்பட்டவை. அவற்றை விட்டுவிட்டு, இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கும் த்ரெட்டைத் தேடுங்கள். இரண்டு கோப்பிலும் ஒரே இடத்தில் நிற்பது எதுவோ அதுதான். என் ஊகம், சம்பளச் சீட்டைப் பிடிஎஃப் ஆக்கும் இடம். தகவலை எடுத்த பிறகும் டிரான்சாக்ஷனை முடிக்காமல், அத்தனை பேரின் பிடிஎஃப்பையும் வரைந்து முடிக்கும்வரை இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் அனுப்பி முடிக்கும்வரை டேட்டாபேஸ் அமர்வைத் திறந்தே வைக்கும் ஓபன் இன் வியூ என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதும் இதற்குத் துணை போகும். செயலி தொடங்கும்போது அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரி வரும், நாம் யாரும் படிப்பதில்லை. தகவலை எடுத்ததும் இணைப்பை விட்டுவிட்டு, பிறகு பிடிஎஃப் வேலையைத் தொடங்குமாறு நிரலைப் பிரித்து எழுதுங்கள். பத்தை நூறாக்கினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். கொஞ்ச நாள் சரியாகும். அப்புறம் டேட்டாபேஸ் சர்வர் திணறும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஹெல்த் எண்ட்பாயிண்ட் டேட்டாபேஸைச் சோதிப்பதும் அதே பத்து இணைப்புகளில் ஒன்றைக் கேட்டு வாங்கித்தான். பத்தும் இல்லாதபோது ஹெல்த்தும் 30 விநாடி காத்திருந்து, டேட்டாபேஸ் விழுந்துவிட்டது என்று அறிவிக்கும். டேட்டாபேஸோ நன்றாக இருக்கும். 'ஹெல்த் விழுந்தால் செயலியைத் தானாகக் கொன்று மறுபடி தொடங்கு' என்று யாராவது சொல்லிக்கொடுத்து நீங்கள் வைத்திருந்தால், ஆறாம் தேதி ராத்திரி சம்பளக் கணக்கு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அது செயலியைக் கொல்லும். தானாக மறுதொடக்கம் செய்யத்தான் வேண்டும் என்றால் செயலி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னெஸ் என்ற தனிக் குழுவை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். அதில் டேட்டாபேஸையோ மின்னஞ்சலையோ சேர்க்காதீர்கள்.

மின்னஞ்சலும் இப்படித்தான். சம்பளச் சீட்டை மின்னஞ்சலில் அனுப்ப ஏற்பாடு செய்திருந்தால், ஹெல்த் தானாகவே மின்னஞ்சல் சர்வரையும் தட்டிப் பார்க்கும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் படுத்துவிட்டால், எடை மேடை நன்றாக ஓடும்போதே மொத்தச் செயலியும் 503 (சேவை இல்லை) என்று சொல்லும். அந்தச் சோதனையை அணைத்துவிடுங்கள். வட்டில் இடம் இருக்கிறதா என்ற சோதனைக்கு நேர்மாறான குறை. மீதி 10 எம்பிக்குக் கீழே போனால்தான் அது குரல் கொடுக்கும். அதற்குள் எல்லாம் நின்றுபோயிருக்கும். அந்த எல்லையை ஒன்றிரண்டு ஜிபிக்கு ஏற்றி வையுங்கள்.

செயலாளர் கேட்டதற்கு வருகிறேன். அவருக்கு ஆக்சுவேட்டர் வேண்டாம். 'ஓடுதா' என்று அவர் கேட்பது ஜாவா ஓடுகிறதா என்று அல்ல, லோரியின் எடை பதிவாகிறதா என்று. ஹெல்த் பச்சையாக இருக்கும்போதே எடை மேடைக்குப் போகும் கம்பி கழன்று கிடக்கலாம். இடி இடித்து மோடம் போயிருக்கலாம். வெட்டிய குலையைச் சீக்கிரம் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் போய்விடும் என்பதால் அவருக்கு அந்தப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். அவர் லாகின் செய்து பார்க்கும் முதல் பக்கத்தின் மேலே ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்: கடைசியாக எடை பதிவான நேரம், அன்று இதுவரை எத்தனை லோரி. இதற்கு ஆக்சுவேட்டரே தேவையில்லை, டேட்டாபேஸில் ஒரு கேள்வி போதும். இதை ஹெல்த்துக்குள் நுழைக்காதீர்கள். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் லோரி வராது, செயலி நோயாளியாகிவிட்டதாக அது புலம்பும்.

சர்வரே படுத்துவிட்டால் தெரிய வேண்டும் என்பது உங்கள் தேவை. அதற்கு வெளியிலிருந்து ஒரு கண்காணிப்புச் சேவை நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க, சின்னதாக ஒரு வழியைத் திறக்கலாம். ஆக்சுவேட்டரைத் தனி போர்ட்டுக்கு மாற்றிய பிறகு, லைவ்னெஸ், ரெடினெஸ் (வேலைக்குத் தயாரா) இரண்டையும் மட்டும் செயலியின் சொந்த போர்ட்டில் காட்டச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு, அவை லைவ்இசட், ரெடிஇசட் என்ற சின்னப் பாதைகளில் வரும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தனி போர்ட்டில் கேட்டால், மக்கள் பயன்படுத்தும் போர்ட் அடைத்துக் கிடக்கும்போதும் 'நலம்' என்றே பதில் வரக்கூடும். சொந்த போர்ட்டில் கேட்டால் மக்கள் படும் பாட்டை அதுவும் படும். விவரம் காட்டும் அமைப்பு இயல்பில் இருப்பதுபோல ஒருபோதும் வேண்டாம் என்றே இருக்கட்டும். வெளியாளுக்கு அப் அல்லது டவுன் என்ற ஒரு சொல்லுக்கு மேல் தெரிய அவசியமில்லை. என்ன டேட்டாபேஸ், வட்டில் எவ்வளவு மீதி என்பதெல்லாம் ஊருக்கு எதற்கு?

பிரோமிதியஸ், அதன் அளவீடுகளை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா இப்போதே வேண்டுமா? என் அபிப்பிராயத்தில் வேண்டாம். ஒரே சின்ன சர்வரில் செயலி, டேட்டாபேஸ், இவை இரண்டும் என்று ஏற்றினால் நினைவகத்துக்கு அடிபிடிதான். தொங்கலைக் கண்டுபிடிக்க மேலே சொன்ன இரண்டு எண்களும் த்ரெட்டம்ப்பும் போதும். பின்னால் வைக்கும்போது ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சொந்தமாக அளவீடுகள் எழுதினால் அவற்றின் அடையாளக் குறிகளில் தொழிலாளரின் ஐசி எண்ணையோ பெயரையோ போடாதீர்கள். ஆளுக்கு ஒரு வரி என்று பெருகி நினைவகத்தைத் தின்னும், பிரோமிதியஸ் பக்கத்தை யார் திறந்தாலும் பெயர்ப்பட்டியலும் கிடைத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் வெளியிலிருந்து சோதிக்க வேண்டும். சங்க அலுவலகத்தின் வைஃபையில் பார்க்காதீர்கள். கைப்பேசியில் டேட்டாவைப் போட்டுக்கொண்டு ஆக்சுவேட்டரின் முதல் பக்கம், என்வ், ஹீப்டம்ப், லாக்கர்ஸ் எல்லாவற்றையும் தட்டுங்கள். 404 வர வேண்டும். ஐபி எண்ணோடு 8081 சேர்த்துத் தட்டினால் பதிலே வரக்கூடாது. லைவ்இசட், ரெடிஇசட் இரண்டு மட்டும் 200 தர வேண்டும். ஒவ்வொரு தடவை புதுப் பதிப்பு ஏற்றும்போதும் இதையே செய்யுங்கள், ஏனென்றால் அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாறினாலும் பழைய கதை திரும்பும்.

அடுத்த மாதம் தொங்கும்போது எடுத்த த்ரெட்டம்ப் புரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பதிப்பு எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். ஹீப்டம்ப்பை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்தான்.